உரித்த ஆரஞ்சு கடைக்கு வரும் வழி

ஆரஞ்சு, கமலா, சாத்துக்குடி, எலுமிச்சை, பம்பளிமாஸ், கிரேப்ஃப்ரூட் எல்லாம் ஒரே குடும்பத்துப் பழங்கள். அளவும் நிறமும் புளிப்பும் மாறினாலும் உள்ளமைப்பு மாறுவதில்லை. வெளியே மெல்லிய வண்ணத்தோல். அதன் மேல் மெழுகுப் பூச்சு, உள்ளே நெருக்கமாகப் பதிந்த எண்ணெய்ப் பைகள். அதற்கு அடியில் பஞ்சு போன்ற வெண்தோல். அதற்கும் உள்ளே மெல்லிய சவ்வு சுற்றிய சுளைகள். ஒவ்வொரு சுளையிலும் நூற்றுக்கணக்கான நீண்ட சாற்றுப் பைகள் நெருக்கி அடைந்திருக்கும். பழத்தின் நடுவே ஒரு வெண்தண்டு மேலிருந்து கீழாகச் செல்கிறது. சுளைகள் அதைச் சுற்றி வட்டமாக அமைந்துள்ளன.

ஒரு பழம் உரிக்க எளிதா, கடினமா என்பதை வெண்தோலே முடிவு செய்கிறது. கமலா முற்றும்போது வெண்தோல் வற்றி, நார் நாராகப் பிரிந்துவிடுகிறது. தோலுக்கும் சுளைக்கும் இடையே இடைவெளி விழுவதால் விரலை நுழைத்தாலே தோல் கழன்று வரும். சாத்துக்குடியிலும் இனிப்பு ஆரஞ்சிலும் வெண்தோல் கடைசிவரை சுளையை இறுகப் பற்றியிருக்கும். அந்தப் பற்றுக்குக் காரணம் பெக்டின். செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் இயற்கைப் பசை அது; ஜாம் கெட்டிப்படுவதும் அதனால்தான். சாத்துக்குடி தமிழ்நாட்டில் பெரும்பாலும் சாறாகப் பிழியப்படுகிறது, கமலா கையால் உரித்துத் தின்னப்படுகிறது. சுவையைக் காட்டிலும் இந்தப் பசையின் பிடிதான் அந்தப் பழக்கத்துக்குக் காரணம்.

பழத்தை உரித்து, பெட்டியில் அடைத்து, குளிரூட்டிய அலமாரியில் வைத்து விற்கும் தொழில் முதலில் எதிர்கொள்ள வேண்டியது, தோல் அதுவரை செய்துவந்த வேலைகளின் இழப்பை. மெழுகுப் பூச்சு ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. அதனால்தான் முழு ஆரஞ்சு வாரக்கணக்கில் வாடாமல் இருக்கிறது. எண்ணெய்ப் பைகளில் உள்ள நறுமண எண்ணெய் பல நுண்ணுயிர்களுக்கும் பூச்சிகளுக்கும் ஆகாதது. வெண்தோல் அடியைத் தாங்கும் மெத்தையாக இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் கழற்றி எறிந்தபின், எஞ்சும் சுளை உயிருள்ள திசுவாகவே இருக்கிறது. அது சுவாசிக்கிறது, ஈரம் இழக்கிறது, கசிகிறது, நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுக்கிறது. தோல் செய்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு தேவைப்படுகிறது. உரித்த பழத்தின் விலையில் பெரும்பகுதி அந்த ஏற்பாடுகளுக்கான செலவுதான்.

ஒரு வகையில் இந்தக் குடும்பத்துப் பழங்களுக்கு அதிர்ஷ்டம் உண்டு. ஆப்பிளும் வாழையும் உரித்த சில நிமிடங்களில் பழுப்பு நிறமாகின்றன. ஆரஞ்சுச் சுளை அப்படி ஆவதில்லை. பழுப்பாக்கும் நொதியின் செயல் அதில் குறைவு, புளிப்பும் வைட்டமின் சியும் அதிகம். காய் பறித்தபின் பழுக்கும் இயல்பும் இதற்குக் கிடையாது. மரத்தில் எந்தச் சுவையில் பறித்தார்களோ அந்தச் சுவைதான் கடைவரை வரும். நிறமும் சுவையும் நிலையாக இருப்பதால், வெட்டி விற்கும் பழங்களில் ஆரஞ்சு நல்ல தேர்வாக இருக்க வேண்டும். தடையாக நிற்பது உரிக்கும் வேலைதான்.

கத்தியால் உரிப்பது பழைய வழி. எந்திரக் கத்தி சுழலும் பழத்தின் தோலை ஆழமாகச் சீவி எடுக்கும். வேகம் கிடைக்கிறது; ஆனால் கத்தி வெண்தோலோடு சுளையின் வெளிச் சவ்வையும் அறுத்து, சாற்றுப் பைகளை உடைத்துவிடுகிறது. சாறு ஒழுகுகிறது, எடை குறைகிறது, ஒழுகிய சாற்றில் ஈஸ்ட் வளர்கிறது. வண்ணத்தோலை அறுக்கும்போது எண்ணெய்ப் பைகள் உடைந்து எண்ணெய் சுளையின் மேல் படிகிறது. ஆரஞ்சு எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் லிமோனீன் என்ற பொருள்தான். துளி அளவில் அது மணம். கூடினால் நாக்கை எரிக்கும், காற்றுப்பட்டு நாளானால் கெட்ட வாடையாக மாறும். ஆழமாகச் சீவினால் சதை வீணாகும், மேலாகச் சீவினால் வெண்தோல் ஒட்டிக்கொண்டு கசக்கும்.

இரண்டாவது வழி காஸ்டிக் சோடா. ஃப்ளோரிடாவின் கிரேப்ஃப்ரூட் பதப்படுத்தும் ஆலைகளில் பழத்தைச் சூடான நீரிலோ நீராவியிலோ காட்டித் தோலைத் தளர்த்தி, கையால் உரித்து, ஒட்டிய வெண்தோலைச் சூடான காஸ்டிக் சோடா கரைசலில் கரைத்து, கழுவி, பிறகு தேர்ந்த தொழிலாளர்கள் கத்தியால் ஒவ்வொரு சுளையையும் சவ்விலிருந்து பிரித்தெடுப்பார்கள். அப்படி எடுத்த சுளைகள் டப்பாவில் அடைக்கப்பட்டன. ஆள்கூலி அதிகம், சூடும் காரமும் பட்ட சுளைக்குப் புதுப்பழத்தின் சுவையும் இல்லை.

இதே வேதியியலை மிக நேர்த்தியாகக் கையாண்டவர்கள் ஜப்பானியர். சத்சுமா என்ற விதையில்லா கமலா வகையைச் சுளை சுளையாக டப்பாவில் அடைக்கும் தொழில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே அங்கே வளர்ந்தது. இன்று அதில் சீனா முன்னிற்கிறது. செஜியாங் மாகாணம் அதன் முக்கிய மையம். சூடான நீரில் தோலைத் தளர்த்தி உரித்து, சுளைகளைப் பிரித்தபின், அவற்றை முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் அடுத்து நீர்த்த காஸ்டிக் சோடாவிலும் ஊறவைக்கிறார்கள். அமிலம் சவ்வின் பெக்டினை இளக்குகிறது. காரம் அதைக் கரைத்து எடுத்துவிடுகிறது. நன்றாகக் கழுவியதும் சவ்வே இல்லாமல் சாற்றுப் பைகள் மட்டும் பளபளக்கும் சுளை கிடைக்கிறது. கேக்கின் மேலும் பழக்கலவையிலும் காணும் வழவழப்பான ஆரஞ்சுத் துண்டுகள் இப்படி வந்தவை.

அந்த டப்பாக்களில் ஒரு தொல்லை எழுந்தது. சில வாரங்களில் சர்க்கரைப் பாகு பாலைப்போல் கலங்கியது, சுளையின் மேல் வெண்புள்ளிகள் தோன்றின. வாங்கியவர்கள் பூஞ்சை என்று நினைத்தார்கள். உண்மையில் அது ஹெஸ்பெரிடின். இந்தப் பழங்களில் இயல்பாகவே உள்ள, சுவையற்ற, தீங்கற்ற பொருள். நீரில் எளிதில் கரையாததால் படிகமாகத் திரண்டு வெளிப்பட்டது. ஹெஸ்பெரிடினைச் சிதைக்கும் ஒரு நொதியை மிகச் சிறிய அளவில் சேர்த்தோ, மெத்தில் செல்லுலோஸ் கலந்து படிகம் திரளாமல் தடுத்தோ ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதைத் தீர்த்தன. தீங்கற்றதாயினும் பார்வைக்குத் தவறினால் பழம் விலைபோகாது. உரித்த பழத் தொழிலில் இந்தச் சிக்கல் பல வடிவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

டப்பாவில் அடைத்தது சமைத்த பழம். புதுப்பழத்தின் சுவையோடு, கத்தியும் காரமும் படாமல், முழு உருண்டையாக உரிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்தது. ஃப்ளோரிடாவின் விண்டர் ஹேவன் ஊரில் இருந்த அந்த ஆய்வகத்தில், ஜே. எச். புரூமரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களில் பசையையே கரைக்கும் வழியைத் தேடினார்கள். பெக்டினைச் சிதைக்கும் நொதிகள் அப்போது பழச்சாறு தெளிவிக்கப் பயன்பட்டுவந்தன; அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்த்து அவற்றைப் பெருமளவில் எடுத்தார்கள். அந்த நொதியைத் தோலுக்குள் செலுத்தினால் தோல் தானே கழன்றுவிடும் என்பது புரூமரின் எண்ணம். 1981இல் அவருடைய முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் ராபர்ட் பேக்கர் முதலியோர் அதை மேலும் செம்மைப்படுத்தினார்கள்.

நொதியைத் தோலுக்குள் செலுத்துவதுதான் கடினம். மெழுகுப் பூச்சு நீரை உள்ளே விடாது. வெண்தோலில் செல்கள் கிளை கிளையாக, ஒன்றையொன்று அங்கங்கே மட்டும் தொட்டபடி இருக்கும். இடையில் நிறைந்திருப்பது காற்று. அந்தக் காற்று வெளியேறாமல் திரவம் உள்ளே போகாது. ஆகவே முதலில் வண்ணத்தோலின் மேல் மெல்லிய கீறல்கள் இடப்படுகின்றன: உச்சியிலிருந்து அடிவரை சில கோடுகள், அல்லது நடுவில் ஒரு வட்டம். கீறல் வெண்தோலைத் தொட வேண்டும், சுளையைத் தொடக்கூடாது. பிறகு பழங்களை நொதிக் கரைசலில் முழுதாக அமிழ்த்தி, கலனை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்குகிறார்கள். வெண்தோலின் காற்று குமிழ்களாகக் கீறல் வழியே வெளியேறுகிறது. வெற்றிடத்தை விடுவித்ததும் வெளிக்காற்றின் அழுத்தம் கரைசலை அந்த வெற்று இடங்களுக்குள் தள்ளிவிடுகிறது. நீருக்கடியில் பிழிந்த பஞ்சைக் கைவிட்டால் அது நீரைக் குடித்துப் பருப்பதுபோல வெண்தோல் கரைசலைக் குடித்துப் பருக்கிறது.

அதன்பின் காத்திருப்பு. வெதுவெதுப்பான சூட்டில், பழத்தின் வகையையும் நொதியின் அடர்த்தியையும் பொறுத்து கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை பழங்கள் ஊறுகின்றன. நொதி பெக்டின் சங்கிலிகளை அங்கங்கே அறுக்கிறது. வெண்தோலின் செல்கள் ஒன்றையொன்று விட்டு நழுவுகின்றன. பெக்டினைச் சிதைக்கும் இந்த நொதியோடு செல்லுலேஸ் என்ற மற்றொரு நொதியும் சேர்ந்தால் வேலை வேகமாகிறது. சூடு மிகக் குறைந்தால் நொதி மந்தமாகும். மிகக் கூடினால் பழத்தின் புதுமை கெடும். வெந்த பழத்தின் சுவை வந்துவிட்டால் இந்த முறையால் பயனே இல்லை. சரியான நேரத்தில் எடுத்தால் வண்ணத்தோல் பெரிய துண்டுகளாகக் கழன்றுவிடுகிறது. எஞ்சிய வெண்ணார்களை நீர்த்தாரை அடித்துப் போக்கலாம். அப்போது மெல்லிய சவ்வு கிழியாமல், சாற்றுப் பைகள் உடையாமல் பழம் முழுதாகக் கையில் நிற்கிறது.

எளிதான வேலையாகத் தோன்றினாலும் பழம்தோறும் நேரம் மாறுகிறது. கிரேப்ஃப்ரூட்டின் தடித்த வெண்தோல் கரைசலை நன்றாகக் குடிக்கும். மெல்லிய தோல் ஆரஞ்சு அவ்வளவு குடிக்காது. ஒரே தோட்டத்தில் பருவத்தின் தொடக்கத்தில் பறித்ததும் கடைசியில் பறித்ததும் வேறுவேறாக நடந்துகொள்ளும். நடுத்தண்டு வழியே கரைசல் உள்ளே நுழைந்தால் சுளைகளுக்கு இடையேயும் பசை கரைந்து, பழம் உருண்டையாக நில்லாமல் உதிர்ந்துவிடும். தனிச் சுளைகளாக விற்பவர்கள் அதையே வேண்டுமென்று செய்கிறார்கள். முழுப் பழமாக விற்பவர்களுக்கு அது இழப்பு. நொதியே இல்லாமல் வெறும் நீரை வெற்றிட முறையில் செலுத்தியும் சில வகைகளில் தோலை ஓரளவு தளர்த்த முடிகிறது.

இன்னொரு சிக்கல், தோல் கழன்றபின்னும் நொதி வேலையை நிறுத்துவதில்லை. சவ்வில் ஒட்டிய மிச்சம் மெல்ல மெல்லச் சுளையைத் தளர்த்திக்கொண்டே போகும். சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்யலாம், ஆனால் பழமும் வெந்துவிடும். நன்றாகக் கழுவுவதும் உடனே குளிர வைப்பதும்தான் வழி. நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலில் நனைப்பதும் உண்டு. கால்சியம் எஞ்சியுள்ள பெக்டின் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துத் திசுவை இறுக்குகிறது.

சுவையில் காத்திருக்கும் ஆபத்து கசப்பு. அது இரண்டு வகை. கிரேப்ஃப்ரூட்டின் கசப்பு நாரிஞ்சின் என்ற பொருளால் வருவது. வெண்தோலிலும் சவ்விலும் அது மிகுதி, தின்ற உடனே தெரியும். மற்றது தாமதித்து வரும் கசப்பு. நேவல் ஆரஞ்சைப் பிழிந்து குடித்தால் இனிக்கும். அதே சாறு சில மணி நேரம் இருந்தால் கசக்கும். காரணம் லிமோனின், பெயர் ஒத்திருந்தாலும் எண்ணெயில் உள்ள லிமோனீன் வேறு, இது வேறு. முழுப் பழத்தில் லிமோனின் இருப்பதில்லை. அதன் கசப்பற்ற முன்வடிவமே வெண்தோலிலும் சவ்விலும் இருக்கிறது. திசு உடைந்து புளிப்புச் சாறு அதன்மேல் பட்டதும் அது மெல்ல லிமோனினாக மாறுகிறது. லிமோனினின் கசப்பை மிகச் சிறிய அளவிலேயே நாக்கு உணர்ந்துவிடும்.

கத்தி முறையைக் காட்டிலும் நொதி முறை மேலானது என்று சொல்ல இதுவே வலுவான காரணம். சாற்றுப் பைகள் உடையாதவரை புளிப்பும் முன்வடிவமும் சந்திப்பதில்லை. இருந்தாலும் பழத்தேர்வு முக்கியம். பருவத்தின் தொடக்கத்தில் பறித்த பழத்தில் முன்வடிவம் அதிகம், முற்றிய பழத்தில் குறைவு. வலென்சியா வகையில் இந்தக் கசப்பு குறைவு. ஆனால் அதில் விதை உண்டு. நேவலில் விதை இல்லை, கசப்பு வர வாய்ப்பு உண்டு. விதையில்லாமை வாங்குபவர் கண்ணுக்குத் தெரியும் நன்மை என்பதால் பலர் முற்றிய நேவலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாறு வற்றிச் சக்கையான பழத்தையும் உரிப்பதற்கு முன்பே கழித்தாக வேண்டும். தோலோடு விற்கும்போது மறைந்துபோகும் அந்தக் குறை, உரித்தபின் எல்லார் கண்ணிலும் படும்.

நுண்ணுயிர்ப் பாதுகாப்பில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக உண்டு. ஆரஞ்சு புளிப்பானது, புளிப்பில் கிருமி வளராது, ஆகவே உரித்த ஆரஞ்சு தானே பாதுகாப்பானது என்பது அந்த நம்பிக்கை. சாற்றின் பி.எச். அளவு 3இலிருந்து 4 வரை என்பது உண்மை. ஆனால் உரித்த பழத்தின் மேற்பரப்பில் சாறு இல்லை. அங்கே இருப்பது வெண்தோலின் மிச்சமும் சவ்வும். 1990களில் ஃப்ளோரிடாவில் ஸ்டீவன் பாவோவும் பீட்டர் பெட்ராசெக்கும் அளந்தபோது, உரித்த ஆரஞ்சின் மேற்பரப்பு பி.எச். 6ஐ ஒட்டி இருந்தது. அது நடுநிலைக்கு அருகில். பல பாக்டீரியாக்கள் தாராளமாக வளரக்கூடிய அளவு. நன்றாக உரித்த பழம்தான் புளிப்பின் பாதுகாப்பை இழக்கிறது என்பது இந்தத் தொழிலில் அறிய வேண்டிய முதல் உண்மை.

அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எளியது. சிட்ரிக் அமிலக் கரைசலில் பழத்தை நனைத்து மேற்பரப்பின் பி.எச். அளவை 4.6க்குக் கீழே கொண்டுவந்தார்கள். உணவுப் பாதுகாப்பில் அந்த எண்ணுக்குத் தனி இடம் உண்டு. அதற்குக் கீழே கொடிய பொட்டுலினம் கிருமி வளர்வதில்லை. தோலோடு போன புளிப்பை, பழத்தில் ஏற்கெனவே இருக்கும் அதே அமிலத்தால் மீண்டும் பூசுவதுதான் இது. குளிரும் சேர்ந்தால் பழம் கெடும் காலம் வாரக்கணக்கில் தள்ளிப்போகிறது. குளிர்ச்சி மட்டும் கைவிட்டால் கணக்கு வேறு. அறைச் சூட்டில் விட்ட உரித்த ஆரஞ்சில் சால்மோனெல்லாவும் ஈ. கோலையும் பெருகும் என்றும், 4 அல்லது 8 டிகிரி செல்சியஸில் அவை பெருகாமல் அடங்கியிருக்கும் என்றும் சோதனைகள் காட்டின. அடங்கியிருப்பதற்கும் சாவதற்கும் வேறுபாடு உண்டு. கிருமி ஏறாமல் தடுப்பதற்குக் குளிர் மாற்றாகாது.

கிருமி பெரும்பாலும் தோலின் வெளிப்புறத்திலிருந்தே வருகிறது. தோட்டத்து மண், பறவை எச்சம், கூடை, கைகள். கீறலிடும் கத்தி அதை உள்ளே இழுத்துச் செல்லும். வெற்றிடம் அதை இன்னும் ஆழமாகத் தள்ளும். அதனால் பழம் உரிக்கும் அறைக்குள் நுழைவதற்கு முன்பே தேய்த்துக் கழுவப்பட்டு, குளோரின் கலந்த நீரிலோ பெர்அசெட்டிக் அமிலக் கரைசலிலோ நனைக்கப்படுகிறது. கழுவும் இடமும் உரிக்கும் இடமும் தனித்தனி அறைகளாக இருக்க வேண்டும். நொதிக் கரைசலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஆசை எல்லா ஆலைகளுக்கும் வரும், ஏனெனில் நொதி விலை அதிகம். ஆனால் ஒரு கெட்ட பழத்தின் கிருமி அந்தக் கரைசல் வழியே எல்லாப் பழங்களுக்கும் போகும். வடிகட்டாமல், சோதிக்காமல் மீண்டும் பயன்படுத்துவது இந்த முறையின் மிக ஆபத்தான சிக்கனம்.

அடைக்கும் பெட்டி பெரும்பாலும் தெளிந்த பிளாஸ்டிக். பழம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், நசுங்கக்கூடாது, ஈரம் போகக்கூடாது. மூடி முற்றிலும் காற்றுப்புகாமல் இருந்தால் சுவாசிக்கும் சுளை ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, காற்றில்லாத வழிக்கு மாறி எத்தனாலை உண்டாக்கும். திறந்ததும் புளித்த வாடை வரும். அதனால் அளவாகக் காற்று ஊடுருவும் படலம் தேவை. பெட்டியின் அடியில் தேங்கும் சாறுதான் விற்பனையாளரின் பெரிய தலைவலி. சுளை நன்றாக இருந்தாலும், அடியில் சாறு தேங்கிய பெட்டியை யாரும் எடுப்பதில்லை. அடியில் உறிஞ்சு தாள் இடுவதும், பெட்டியில் குழிகள் அமைத்துப் பழத்தைச் சாற்றிலிருந்து உயர்த்தி வைப்பதும் அதற்காகத்தான். வேறு சிலர் எதிர்த்திசையில் சென்று, சுளைகளைச் சாற்றிலேயே மூழ்கவைத்துக் கண்ணாடிச் சாடியில் விற்கிறார்கள். அங்கே கசிவு குறையாகத் தெரிவதில்லை.

விலையைப் பார்த்தால், ஆரஞ்சின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு தோல். கழித்த பழங்களையும் கசிவையும் சேர்த்தால் இழப்பு இன்னும் கூடும். அதோடு நொதி, கழுவும் நீர், குளிர், பெட்டி, விரைந்து கெடும் சரக்குக்குரிய நட்டம் எல்லாம் சேர்கின்றன. முழு ஆரஞ்சைப் பல வாரம் வைத்து விற்கலாம். உரித்ததை நாள் குறித்துத்தான் விற்க முடியும்.

2016 மார்ச்சில் அமெரிக்காவின் ஹோல் ஃபுட்ஸ் கடைகள் சிலவற்றில் உரித்த ஆரஞ்சுகள் பிளாஸ்டிக் பெட்டிகளில், பவுண்டு ஒன்று 5.99 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தன. ஒருவர் அதைப் படமெடுத்து ட்விட்டரில் பகிர்ந்தார். இயற்கையே தந்த உறையை உரித்துவிட்டுப் பிளாஸ்டிக் உறை போடுவதா என்ற கோபம் உலகெங்கும் பரவியது. நிறுவனம் தவறு என்று ஒப்புக்கொண்டு, அந்தப் பெட்டிகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு வேறொரு குரல் எழுந்தது. மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர்கள், ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவர்கள், நடுக்க நோய் உள்ளவர்கள் முதலியோர், ஆரஞ்சை உரிக்க இயலாத தங்களுக்கு அந்தப் பெட்டி தேவையான உதவி என்று எழுதினார்கள். புதுப்பழம் தின்ன அடுத்தவர் கையை எதிர்பார்க்கும் ஒருவருக்கு உரித்த பழம் சோம்பேறித்தனத்தின் அடையாளம் ஆகாது. பிளாஸ்டிக் மீதான கோபமும் நியாயமானதே. ஆனால் அந்தப் பொருளே தேவையற்றது என்று முடிவுகட்டியவர்கள், தங்கள் விரல்களின் வலிமையை எல்லாருடைய விரல்களுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

உரித்த பழம் விற்பது தவறு என்ற எண்ணம் எல்லாப் பழத்துக்கும் எழுவதில்லை. பலாச்சுளையைத் தனியாக எடுத்துத் தட்டில் வைத்து விற்பது தமிழ்நாட்டுத் தெருக்களில் இயல்பு. தாய்லாந்திலும் வியட்நாமிலும் பம்பளிமாஸை உரித்து, தடித்த சவ்வையும் நீக்கி, தட்டில் அடுக்கிப் படலம் சுற்றி விற்கிறார்கள். தெருக்கடையிலும் பெரிய அங்காடியிலும் அது கிடைக்கும். பம்பளிமாஸின் தோல் விரல் தடிமன். நல்ல சுளையை உடையாமல் எடுக்கக் கைப்பழக்கம் வேண்டும். அந்த உழைப்புக்கு விலை கொடுப்பதை யாரும் கேள்வி கேட்பதில்லை. உரிப்பது எவ்வளவு கடினமோ அவ்வளவு எளிதாக உரித்த பழம் விலைபோகிறது. கமலாவை உரித்து விற்பது அதனால்தான் கடினமான வணிகம்.

தாவர இனக்கலப்பாளர்கள் வேறு வழியில் இதே சந்தையைத் தேடினார்கள். தானே எளிதில் உரியும், விதையில்லாத, கையை நனைக்காத பழத்தை உருவாக்குவது அது. ஜப்பானின் நாகசாகி மாவட்டத்தில் 1972இல் கியோமி, பொன்கன் என்ற இரு வகைகளைக் கலந்து உருவானது டெகோபோன். காம்புப் பக்கம் புடைத்த, தளர்ந்த தோலுள்ள பெரிய பழம். 2011 முதல் அமெரிக்காவில் அது சுமோ என்ற பெயரில் விற்கப்படுகிறது. கலிஃபோர்னியாவின் சிறிய விதையில்லா மாண்டரின்களும் குழந்தைகள் தாமே உரித்துத் தின்னும் பழமாக விளம்பரமாகிச் சந்தையைப் பிடித்தன. உரித்த ஆரஞ்சுக்கு உண்மையான போட்டி இந்தப் பழங்கள்தான். விரல் வலிமை உள்ளவர்களுக்கு இவை போதும். இல்லாதவர்களின் தேவை அப்படியே இருக்கிறது.

ஆகவே உரித்த ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட் சுளையும் நிலைத்த இடம் பெரும்பாலும் மருத்துவமனை, விடுதி, விமான உணவு, பழக்கலவை தயாரிக்கும் சமையலறை ஆகியவை. அங்கே பெரிய வாளிகளில் வாங்குவதால் பெட்டியின் செலவும் பிளாஸ்டிக்கும் குறைகின்றன, குளிர் அறுபடுவதில்லை. மருத்துவமனைக்குக் கொடுக்கும்போது கிரேப்ஃப்ரூட்டில் கூடுதல் கவனம் தேவை. கொழுப்பு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கான சில மருந்துகள் உடலில் சிதைவதை அது தடுத்து, இரத்தத்தில் அவற்றின் அளவை ஏற்றிவிடும். சில்லறை விற்பனையில் பிளாஸ்டிக் பற்றிய சட்டங்கள் இப்போது நெருங்கி வருகின்றன. பிரான்ஸ் 2022 சனவரி முதல் ஆரஞ்சு உட்படப் பல முழுப் பழங்களைப் பிளாஸ்டிக்கில் அடைத்து விற்கத் தடை கொண்டுவந்தது. வெட்டிய, பதப்படுத்திய பழங்கள் அந்தத் தடைக்குள் சேர்க்கப்படவில்லை.

ஆலையில் உரிப்பதில் ஒரு நன்மை, தோல் ஓரிடத்தில் குவிகிறது. வண்ணத்தோலிலிருந்து நறுமண எண்ணெய் எடுக்கலாம், வெண்தோலிலிருந்து பெக்டின். ஃப்ளோரிடாவின் சாறு ஆலைகளில் எஞ்சும் தோல் சுண்ணாம்பு சேர்த்து அழுத்தி உலர்த்தப்பட்டு மாட்டுத் தீவனமாகிறது. நொதியில் ஊறிய தோலில் பெக்டின் ஏற்கெனவே சிதைந்திருப்பதால் பெக்டின் ஆலைக்கு அது உதவாது. தீவனத்துக்கோ எருவுக்கோதான் போகும். இதற்கு நேர்மாறான ஊர் ஒன்றும் உண்டு. சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் உள்ள சின்ஹுயியில் ஒருவகை கமலாவைத் தோலுக்காகவே பயிரிடுகிறார்கள். தோலை மூன்று இதழ்களாகக் கீறி எடுத்து, உலர்த்தி, ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து மருந்தாகவும் சமையலுக்கும் விற்கிறார்கள். பழையதாக ஆக விலை ஏறும். அங்கே உரித்த பழம்தான் கழிவு. நெடுங்காலம் தூக்கியெறியப்பட்ட அந்தச் சுளைகளை இப்போது மதுவாகவும் புளிக்கவைத்த பானமாகவும் மாற்றும் முயற்சிகள் நடக்கின்றன.